ஐந்து நாள் அன்பு

தொண்டு செய்யப் புறப்படுகிறவர்களுக்கு யோசனை சொல்லப் புகுவது நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் அல்ல. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், வெளியே போய் உழைக்கிறவனுக்குக் குற்றம் கண்டுபிடிக்கிறான் என்ற பேச்சு உடனே எழும். அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. ஆனாலும், நல்ல எண்ணம் என்ற ஒன்று இருந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்ற கொள்கையை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்யப்படும் காரியங்களைப் போலீஸும் சட்டமும் ஊராரும் கண்காணிக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியங்களைக் கண்காணிப்பார் யார்? செய்கிறவரின் மனசாட்சி ஒன்றுதான். அந்த மனசாட்சியோ, ‘நாம் நல்லது செய்கிறோம்’ என்ற திருப்தியில் பெரும்பாலும் கண் அயர்ந்துவிடுகிறது.

வெளிநாட்டுக்குப் போய் ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்யும் வழக்கம் ஒன்று உலகில் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் கல்லூரியில் சேருமுன் சில மாதங்கள் உலகம் சுற்றிவிட்டு வருகிறார்கள். சுற்றுகிற இடத்தில் நாலு பேருக்கு உபகாரமாகவும் எதையாவது செய்துவிட்டு வருவோமே என்று அவர்களில் பலருக்குத் தோன்றுகிறது. தோன்றுவது நல்லதுதான். அந்த எண்ணத்துக்கு வழி காட்டவென்றே கம்பெனிகளும் தோன்றியிருக்கின்றன. கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும். தங்க இடம், சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போக வண்டி, எல்லாம் தயார். திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு விளையாடலாம், ஆங்கிலம் சொல்லித் தரலாம், சோறு ஊட்டலாம். சனியும் ஞாயிறும் ஊர் சுற்றிப் பார்க்கலாம். வாரத்தில் ஐந்து நாள் புண்ணியம், இரண்டு நாள் பொழுதுபோக்கு.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு அந்த இரண்டு நாள்தான் உறுத்தும். ‘தொண்டு செய்யப் போனவர்களுக்கு உல்லாசப் பிரயாணம் எதற்கு? இரண்டையும் கலந்தால் தொண்டின் தூய்மை கெடாதா?’ என்று கேட்கத் தோன்றும். என்னுடைய கருத்து இதற்கு நேர் எதிரானது. அந்த இரண்டு நாளில் குற்றம் எதுவுமில்லை. நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அந்த ஐந்து நாளைப் பற்றித்தான்.

எல்லா நாடுகளையும் சேர்த்துப் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். கம்போடியா.

கம்போடியாவில் சியாம் ரீப் என்று ஓர் ஊர். அதன் அருகேதான் அங்கோர் வாட் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்து, பிறகு பௌத்தக் கோயிலாக மாறிய அந்த மாபெரும் ஆலயத்தைப் பார்க்க உலகமே திரண்டு வருகிறது. விடியற்காலை இருட்டில் குளக்கரையில் போய் நின்றால், ஐந்து கோபுரங்களுக்குப் பின்னே வானம் சிவப்பதைக் காணலாம். சற்றுத் தொலைவில் பாயோன் என்ற கோயில். அதன் கோபுரங்களிலெல்லாம் பெரிய பெரிய கல்முகங்கள், கண்ணை மூடியும் மூடாமலும் புன்னகை செய்துகொண்டிருக்கின்றன. தா ப்ரோம் கோயிலில் மதிற்சுவர்மீது மரங்கள் ஏறி உட்கார்ந்து, வேர்களைப் பாம்புபோல் இறக்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் பல மடங்கு விரிந்து, கோடையில் சுருங்கும் டோன்லே சாப் ஏரியும் பக்கத்தில்தான். சனி, ஞாயிறுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இத்தனை அழகுள்ள நாட்டில் சமீப காலத்தில் நடந்த கொடுமையும் எல்லோருக்கும் தெரியும். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே, சியாம் ரீப்பில் அனாதை இல்லம் என்ற பலகையைப் பார்க்கிற பிரயாணிக்குச் சந்தேகமே எழுவதில்லை. ‘ஐயோ பாவம், யுத்தத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள்!’ என்று மனம் இளகிவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இளக்கத்துக்கு நடுவே ஒரு கேள்வி முளைக்கும். கெமர் ரூஜ் ஆட்சி வீழ்ந்த 1979-ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைக்கு 2010-இல் 31 வயது. அந்தக் கொடுமையின் அனாதைகள் வளர்ந்து, பலர் தாமே பிள்ளை குட்டி பெற்றவர்களாகிவிட்டார்கள். யுத்தம் தூர விலக விலக அனாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும். ஆனால் கம்போடிய அரசும் யுனிஸெப்பும் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 2005-இல் அந்நாட்டில் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆகிவிட்டன. ஐந்தே ஆண்டில் 75 விழுக்காடு வளர்ச்சி! இவற்றில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள்.

அதே ஐந்து ஆண்டுகளில் இன்னொன்றும் வளர்ந்தது. 2005-இல் கம்போடியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் ஏறத்தாழ 14 லட்சம். 2010-இல் ஏறத்தாழ 25 லட்சம். இரண்டு எண்களும் சேர்ந்து ஏறியதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வறுமையும் கிராமத்துப் பள்ளிகளின் நிலைமையும் காரணங்களே. ஆனால் அனாதைகளைப் பார்க்க ஆசைப்பட்டு, பணத்தோடும் கண்ணீரோடும் ஆண்டுதோறும் அதிகமாக வந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. கடைத்தெருவின் விதி எங்கும் ஒன்றுதான். கேட்பார் இருந்தால் சரக்கு வந்து சேரும். கேட்பது அரிசியானாலும் அப்படித்தான். அனாதைக் குழந்தையானாலும் அப்படித்தான்.

எப்படி வந்து சேர்கிறது? பெரும்பாலும் முரட்டுத்தனமாக அல்ல. நெல் விளையாத ஆண்டில், கடன் நெருக்கும்போது, ஒரு கிராமத்துத் தாயிடம் யாரோ வந்து சொல்கிறார்கள்: ‘பட்டணத்தில் ஓர் இல்லம் இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பாடு. வெள்ளைக்காரர்கள் வந்து ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். பையன் படித்துப் பெரிய ஆளாவான்.’ அவள் யோசிக்கிறாள். இரவெல்லாம் தூக்கமில்லை. பிள்ளையின் நன்மைக்காகவே பிள்ளையைப் பிரிகிறாள். அவள் அன்பில்லாதவள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வறுமை என்னவென்று தெரியாது என்றுதான் அர்த்தம். அந்தத் தாய் செய்த தியாகத்தின் மறுநாள் அவளுடைய மகன் ‘அனாதை’ ஆகிவிடுகிறான். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே!

கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எந்தச் சம்பவத்தை எடுத்தாலும், இதை யார் கண்ணால் பார்ப்பது என்று முதலில் கேட்டுக்கொள்வான். பார்க்கும் கண் மாறினால் கதையே மாறிவிடும். இந்தத் தொண்டுக் கதை இதுவரை ஒரே கண்ணால்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

அந்தக் கண்ணாலேயே முதலில் பார்ப்போம். மெல்போர்னிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்று கற்பனை செய்துகொள்வோம். நல்ல பெண். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைச் செலவழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இல்லத்தின் வாசலில் கால் வைத்ததும் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறான். அவள் உருகிப்போகிறாள். இரண்டு வாரம் அவனுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள், படம் வரைந்து காட்டுகிறாள், மடியில் வைத்துத் தூங்கச் செய்கிறாள். விடைபெறும் நாளில் அவன் அழுகிறான், அவளும் அழுகிறாள். ஊருக்குப் போய், அவனோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தை மேஜைமேல் வைத்துக்கொள்கிறாள். ‘நான் அவனுக்குக் கொடுத்ததைவிட அவன் எனக்குக் கொடுத்ததே அதிகம்’ என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாள். தன்னை அறியாமல் அவள் சொல்லிவிட்ட முழு உண்மை அது.

இப்போது அந்தச் சிறுவனின் கண்ணால் பார்ப்போம். அவளுக்கு அவன் ஒருவன்தான். அவனுக்கு அவள் எத்தனையாவது ஆள்? இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 26 பேர். ஐந்து வயதிலிருந்து பத்து வயது முடிய எண்ணினால் 130 பேருக்கு மேல். அத்தனை பேரும் அவனை மடியில் வைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் ‘உன்னை மறக்கவே மாட்டேன்’ என்றார்கள். அத்தனை பேரும் போய்விட்டார்கள். பாடமும் அப்படியே. வருகிற ஒவ்வொருவரும் ஒன்று, இரண்டு, மூன்றிலிருந்தும் சிவப்பு, பச்சை, நீலத்திலிருந்தும் ஆரம்பிக்கிறார்கள். நூற்று முப்பது முறை ஆரம்பிக்கப்பட்ட பாடம் ஒரு முறையும் முடிவதில்லை.

முதல் சிலர் போனபோது அவன் அழுதிருப்பான். பிறகு அழுகை குறைந்திருக்கும். பிறகு, அழுவது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எப்போது அழுதால் புகைப்படம் எடுப்பார்கள் என்றும் தெரிந்திருக்கும். எந்தக் குழந்தைக்கும் தெரியக் கூடாத வித்தை அது.

இது கதாசிரியனின் கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்தவர்கள் வெகு காலமாகச் சொல்லி வருவதுதான். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945-இலேயே இல்லங்களில் வளரும் கைக்குழந்தைகள், சோறும் சுத்தமும் குறைவில்லாமல் கிடைத்தும், ஒருவரோடு ஒட்டி வளர வழியில்லாததால் வாடிப்போவதை எழுதினார். உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக 1951-இல் ஜான் போல்பி தயாரித்த அறிக்கையும், குழந்தைக்கு வேண்டியது நிலையான ஓர் உறவு என்பதையே வற்புறுத்தியது. ருமேனியாவின் தலைநகரான புகாரெஸ்டில், இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள்; இரண்டு வயதுக்குள் போனவர்கள் மிகவும் தேறினார்கள்.

இந்த ஆராய்ச்சிகளெல்லாம் கவனித்த ஒன்றை, அனாதை இல்லத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் வளரும் ஐந்து வயதுக் குழந்தை அந்நியரைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து எட்டிப் பார்த்து, இந்த ஆளை நம்பலாமா என்று எடை போட்டபின் மெதுவாக வெளியே வரும். பார்த்த ஐந்தாவது நிமிஷம் முன்பின் தெரியாதவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தை, அன்பு நிரம்பி வழிவதால் அப்படிச் செய்யவில்லை. ஒளிந்துகொள்ளப் புடவை இல்லாததால் செய்கிறது. மெல்போர்ன் பெண்ணை உருக வைத்த அந்த அணைப்பு, வைத்தியர் கண்ணுக்கு ஒரு நோயின் அடையாளம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். கேட்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமல்ல.

‘ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட ஏதோ கொஞ்சம் செய்வது மேல் அல்லவா?’ என்பது முதல் வாதம். சோறு விஷயத்தில் இது சரி. ஒரு வேளைச் சோறு, சோறே இல்லாததைவிட மேல். உறவு விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. பாதி கட்டிய பாலம், பாலமே இல்லாததைவிட மேல் என்று யாரும் சொல்வதில்லை. பாலம் இல்லாத ஆற்றில் ஜாக்கிரதையாக இறங்குவார்கள். பாதிப் பாலத்தில் நம்பி ஓடுகிறவன்தான் விழுகிறான்.

‘அந்த இளைஞர்களின் மனம் விரிகிறதே, அது லாபமில்லையா?’ என்பது இரண்டாவது வாதம். லாபம்தான். தங்கள் தேசத்தின் வசதிகளையே உலகம் என்று நினைத்திருந்தவர்கள், உலகத்தில் பெரும்பாலோர் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறார்கள். அதன் பயனாகப் பின்னாளில் நல்ல மனிதர்களாக வாழவும் கூடும். ஆனால் அந்தப் பாடத்துக்குச் சம்பளம் கட்டுவது யார்? ஐந்து வயதுக் குழந்தை. ஒருவருடைய மனம் விரிவதற்கு இன்னொருவருடைய பால்யம் பயிற்சிப் புத்தகமாகலாமா?

மூன்றாவதாக ஒரு கேள்வியை நானே கேட்கிறேன். லண்டனிலோ சிட்னியிலோ ஓர் இளைஞன், கல்லூரி விடுமுறையில் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் கதவைத் தட்டி, ‘இரண்டு வாரம் இங்கே தங்கிக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறேன், தூங்க வைக்கிறேன்’ என்று சொன்னால் விடுவார்களா? அங்கெல்லாம் குழந்தைகளோடு பழகும் வேலைக்கு வருகிறவர்களின் பூர்வோத்தரத்தைப் போலீஸ் பதிவேட்டில் பார்க்காமல் சேர்ப்பதில்லை. அந்த நாடுகளில் பெரிய அனாதை இல்லங்களே அநேகமாக மறைந்து, பெற்றோரில்லாக் குழந்தைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போய்விட்டார்கள். சொந்த ஊர்க் குழந்தைக்குச் செய்ய அனுமதியில்லாத ஒன்றை, ஏழை நாட்டுக் குழந்தைக்குச் செய்வதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தால், இரண்டு குழந்தைகளும் சமமல்ல என்று நாம் ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

மெள்ள மெள்ள உலகம் விழித்துக்கொண்டுதான் வருகிறது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர் என்று கம்போடியாவிலேயே பிரசாரம் எழுந்தது. 2017-இல் வெளிவந்த கணக்கெடுப்பில் 406 இல்லங்களும் அவற்றில் 16,579 குழந்தைகளும் இருப்பதைக் கண்ட அந்நாட்டு அரசு, அவர்களில் ஒரு பகுதியினரையாவது குடும்பத்தோடு திரும்பச் சேர்க்கும் வேலையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் செய்தபோது, பணம் பண்ணுவதற்காகக் குழந்தைகளை அனாதை இல்லங்களுக்குக் கடத்துவதும் அக்கொடுமையைச் சேர்ந்ததே என்று கருதியது. ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும் 2019 டிசம்பரில், பெற்றோர் பராமரிப்பின்றி வாழும் குழந்தைகளைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லங்களில் தொண்டு என்ற பெயரால் விளையும் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது.

இதையெல்லாம் வெகு நாள் முன்பே வேறொரு மூலையிலிருந்து ஒருவர் சொல்லியிருந்தார். இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, மெக்ஸிகோவில் பணியாற்றியவர். 1968 ஏப்ரலில், மெக்ஸிகோவின் ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்துகொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில், அவர்கள் முகத்துக்கு நேரே அவர் பேசினார். நல்ல எண்ணம் மட்டும் இருந்து பயனில்லை. அந்த மக்களின் பாஷைகூடத் தெரியாமல், வேண்டாமென்று அவர்கள் சொன்னால் அதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல்கூட இல்லாமல், உதவி செய்கிறேன் என்று நுழைவது ஆணவம் என்றார். விருந்தாளியாக வந்தாலும் மாணவனாக வந்தாலும் வரவேற்பு உண்டு, உபகாரியாக வருவதைத்தான் விட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். ஆரம்பத்தில் சொன்ன சனி, ஞாயிறு விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். சனிக்கிழமை அந்த மெல்போர்ன் பெண் என்ன செய்கிறாள்? நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுக்கிறாள். வண்டிக்காரனுக்குக் கூலி கொடுக்கிறாள். சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுவிட்டு விலை கொடுக்கிறாள். அந்த வண்டிக்காரனும் கடைக்காரியும் யாருடைய இரக்கத்தையும் வாங்கவில்லை. உழைப்பை விற்றுக் காசு வாங்கினார்கள். அந்தக் காசில் அவர்களுடைய பிள்ளைகள் அவர்களோடேயே இருந்து சாப்பிடுகிறார்கள். அவள் பாயோன் கோயிலின் கல்முகங்களை அண்ணாந்து பார்க்கிறாள். இந்த மக்களின் முன்னோர் எத்தனை பெரிய காரியங்களைச் சாதித்தவர்கள் என்று வியக்கிறாள். வியப்பில் மரியாதை இருக்கிறது. மாலையில் அவள் திரும்பும்போது எந்தக் கல்லும் அழுவதில்லை. எண்ணூறு ஆண்டுகளாக வந்தவரையும் போனவரையும் பார்த்துப் பழகிய முகங்கள் அவை.

திங்கட்கிழமை அவள் ‘கொடுக்கிறவள்’ ஆகிவிடுகிறாள். சனிக்கிழமை தலை நிமிர்ந்து பார்த்த அதே நாட்டைத் திங்கட்கிழமை குனிந்து பார்க்கிறாள். ஊர் சுற்றுகிறவளாக இருந்தபோது அவள் செய்த நன்மை, தொண்டு செய்கிறவளாக இருந்தபோது செய்ததைவிட அதிகம் என்பது வேடிக்கையாக இருந்தாலும் உண்மை.

இல்லிச் சொன்னதில் மறு பாதி எனக்குச் சம்மதமில்லை. அந்நியர் யாருமே உதவக் கூடாது என்றால், மனிதர்களுக்கிடையே தேசத்தின் எல்லைக்கோடு தவிர வேறொன்றுமில்லை என்றாகிவிடும். அதே கம்போடியாவில், அதே சியாம் ரீப்பில், இதற்கு விடையாக ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார்.

பியாட் ரிச்னர் என்பவர் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த குழந்தை வைத்தியர். 1974-இல் நாம் பென் நகரிலுள்ள காந்தா போபா குழந்தை மருத்துவமனையில் வேலை செய்ய வந்தார். அடுத்த ஆண்டு கெமர் ரூஜ் படை நகரைப் பிடிக்கவே, ஊர் திரும்ப நேர்ந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, பாழடைந்து கிடந்த அந்த மருத்துவமனையை மறுபடி கட்டித் தரும்படி மன்னர் சிஹானூக் கேட்டுக்கொண்டார். ரிச்னர் வந்தார், இருந்தார். மருத்துவமனை 1992-இல் மறுபடி திறந்தது. சியாம் ரீப்பிலும் 1999-இல் ஒன்று எழுந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை. கம்போடிய டாக்டர்களையும் நர்ஸுகளையும் பழக்கி, அவர்களைக் கொண்டே நடத்தினார். இதற்குப் பணம்? ரிச்னர் செல்லோ என்ற வாத்தியம் வாசிப்பார். சனிக்கிழமை இரவுகளில் சியாம் ரீப் மருத்துவமனையில் கச்சேரி. அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வந்த பிரயாணிகள்தான் சபையோர். இளைஞர்கள் இரத்தம் கொடுங்கள், வயதானவர்கள் பணம் கொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்கள் இரண்டையும் கொடுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள். 2018-இல் அவர் காலமானார். மருத்துவமனைகள் நடந்துகொண்டிருக்கின்றன.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்திலும் நம் மெல்போர்ன் பெண்ணைப் போன்ற இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களிடம் ஒரு குழந்தையின் அன்பைக் கேட்கவில்லை. அவர்களுடைய அன்புக்கு ஒரு குழந்தையைக் கொடுக்கவும் இல்லை. ஒரு புட்டி இரத்தம் கேட்டார்கள். டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் ஏதோ ஒரு குழந்தையின் நரம்பில் அது ஏறும். அந்தக் குழந்தையின் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது. கொடுத்தவரின் பெயர் குழந்தைக்குத் தெரியாது. புகைப்படம் இல்லை, கண்ணீர் இல்லை, பிரிவு இல்லை. குழந்தை குணமாகித் தாயோடு வீட்டுக்குப் போகும். தொண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ரிச்னருக்கும் இரண்டு வாரத் தொண்டருக்கும் என்ன வித்தியாசம்? அவர் பெரிய மனிதர், இவர்கள் சாதாரணமானவர்கள் என்பதல்ல. அந்த ஊரில் இல்லாத ஒரு வித்தை அவர் கையில் இருந்தது. அதை அந்த ஊராருக்கே கற்றுக் கொடுத்தார். கொடுத்து முடியும்வரை இருந்தார். தாம் போன பிறகும் காரியம் நிற்காதபடி செய்துவிட்டுப் போனார். இந்த நாலும் இருந்தால் அந்நியர் என்ன, அடுத்த கிரகத்திலிருந்து வந்தாலும் வரட்டும். இந்த நாலில் ஒன்றும் இல்லாதவர்கள், குழந்தைகளைத் தொடாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் முதல் தொண்டு. அவர்கள் கட்டும் கட்டணமும் விமானக் கூலியும் சேர்ந்தால் ஒரு கிராமத்து ஆசிரியருக்குப் பல மாதச் சம்பளம் ஆகும். பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பலாமா என்று இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு, அனுப்பாமலே இருப்பதற்கான தைரியமும் ஆகும்.

இவ்வளவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு, நமக்கென்ன என்று வாசகர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். நாமும் பிறந்த நாளுக்கும் திதிக்கும் பக்கத்து ஊர் இல்லத்துக்குச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு போகிறோம். குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். யாருடைய பிறந்த நாளோ, அவருக்காகக் கை தட்டிப் பாடுகிறார்கள். பாடிய பிறகு சாப்பிடுகிறார்கள். நம் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். சோறு போட்டது புண்ணியம்தான். அந்தப் பாட்டையும் படத்தையும் வாங்கியது என்ன கணக்கில் சேரும்? குழந்தையை இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் என்று நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. வரிசையில் நிற்கும் அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள், அவள் ஏன் இங்கே கொண்டுவந்து விட்டாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வாங்குகிறவனின் தகுதியைப் பார்க்கச் சொன்ன மொழி அது. அதை எழுத்து மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அர்த்தத்தை மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வாங்குகிற பாத்திரம் எப்போதும் ஒன்றுதான். அதில் பசி இருக்கிறது. அறிய வேண்டிய பாத்திரம் கொடுக்கிற கையில் இருக்கிறது. அதில் சோறு இருக்கிறதா, அல்லது நம்முடைய பசியே இருக்கிறதா என்று போவதற்கு முன் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பார்த்த பிறகும் உலகம் சுற்ற ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். கோயிலைப் பார்க்கட்டும், ஏரியில் படகேறட்டும், கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். தெருவில் ஒரு குழந்தை எதிர்ப்பட்டால் சிரிக்கட்டும். அது ஓடிப்போய்த் தன் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும்.